இடம் பார்த்து இறக்கு

மென்பொருள் போடுகிறவள் முதலில் டிஸ்கில் எவ்வளவு காலி என்று பார்க்கணும், அப்புறம்தான் மவுஸைத் தொடணும் என்று எனக்குச் சொன்னவர் எங்கள் கடை முதலாளி டெய்சி அக்கா. என் சின்னவன் வேலைக்குப் போன வருஷம், கீழ்க்கட்டளைக் கடையில் நான் சேர்ந்த முதல் நாள் அது. டிஸ்க் நிரம்பி, சிவப்புக் கோட்டைப் பார்த்து விழித்தவர்களுக்கு என் பாடு புரியும்.

துடைத்து வைத்த திரை

பெரும்பாக்கத்திலிருந்து செல்வி லேப்டாப்போடு வந்தாள். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் எம்பிராய்டரி யூனிட்டில் டிசைன் போடுகிற வேலைக்குக் கேட்டிருந்தாள். மறுநாள் காலையில் சொந்த லேப்டாப்பில் ஒரு பூ வரைந்து காட்டணும். அதற்கான மென்பொருள் இல்லையென்றால் வேலை கிடையாது.

“இடமெல்லாம் நேத்தே காலி பண்ணிட்டேங்க்கா” என்றாள். திரையில் ஒரு படம்கூட இல்லை, துடைத்து வைத்த மாதிரி. ஆனால் டிஸ்க் அப்படியே நிரம்பிக் கிடந்தது. அவள் அழித்ததெல்லாம் ஷார்ட்கட் என்கிற குறுக்குவழிப் படங்கள் மட்டும்தான் என்று மெதுவாகச் சொன்னேன்.

“அப்போ வாசல்ல மாட்டின போர்டத்தான் கழட்டிக்கீறேன், வூட்டுச் சாமான் அப்பிடியே கீதா?”

கட்டில் மேல் புடவை

மென்பொருளுக்கு எட்டு ஜிபி வேண்டும் என்று போட்டிருந்தது. லேப்டாப்பில் பத்து காலி. போதாது என்று சொல்லிவிட்டுத்தான் சாப்பிடப் போனேன். கூட வேலை பார்க்கிற குமார் அண்ணனுக்குப் பொறுமை இல்லை, ஏற்ற ஆரம்பித்துவிட்டார். நான் திரும்பி வந்தபோது பாதிக்கு மேல் போய் ‘இடம் இல்லை’ என்று நின்றிருந்தது. செல்விக்குக் கண் கலங்கிவிட்டது.

மூட்டையாக வருகிற மென்பொருள் முதலில் ஓரிடத்தில் பிரியும், அங்கிருந்துதான் தன் இடத்துக்குப் போகும். முடிகிறவரை இரண்டு இடத்தையும் அடைத்துக்கொள்ளும். பீரோவில் புடவை அடுக்க, முதலில் கட்டில் மேல் பரப்புகிறோமே, அப்படி. எட்டுக்குப் பதினாறு, அவள் வரையப்போகிற டிசைன்களுக்குக் கொஞ்சம். இருபது இருந்தால்தான் தொடுவேன் என்று உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணன் திரையையே முறைத்தார். “பத்து இருந்ததக் கண்ணால பார்த்தேன் சிஸ்டர், அத எவன் தூக்கினு போனான்?”

நாத்தனார் கல்யாணம்

இடத்தை அடைத்திருந்தது செல்வியின் நாத்தனார் கல்யாண வீடியோ. வீட்டுக்காரர் முருகனுக்குப் போன் போட்டாள். “என் தங்கச்சி கல்யாணம்! எவனும் கை வெக்கக் கூடாது!” என்று அவர் கத்தியது எனக்கே கேட்டது.

நான் விடவில்லை. தேடிப் பார்த்தால், அதே வீடியோ வேறு இரண்டு ஃபோல்டரிலும் இருந்தது. தொலைந்துவிடும் என்ற பயத்தில் பென்டிரைவிலிருந்து அவரேதான் திரும்பத் திரும்ப ஏற்றியிருக்கிறார். மூன்றையும் ஓட்டிப் பார்த்தேன். தாலி கட்டுகிற இடம், பந்தி, எல்லாம் அதேதான். போனை வாங்கி, “தம்பி, ஒண்ணு பத்திரமா இருக்கும், மத்த ரெண்டை எடுத்துடட்டுமா?” என்று கேட்டேன். மூன்றும் ஒன்றுதானா என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு சரி என்றார். ஆண்டவரே, கை தவறாமல் பார்த்துக்கொள்ளும் என்று ஜெபித்துவிட்டு இரண்டை அழித்தேன், குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன். காலி இடம் மொத்தம் இருபத்திரண்டு ஜிபி ஆனது. கடை சாத்துவதற்குள் மென்பொருள் ஏறி, திரையில் ஒரு செம்பருத்தி பூத்தது.

மறுநாள் மதியம் செல்வி போன் பண்ணினாள். “சேத்துக்கினாங்கக்கா! இந்த மனுசன் இன்னா கேக்குறாரு தெரியுமா? ‘என் தங்கச்சி இன்னா மூணு கல்யாணமா பண்ணிக்கிச்சு?’ன்னு!”

எந்த லேப்டாப்பிலும் தேடினால் இடம் கிடைத்துவிடுகிறது, அதைக் காலி பண்ணுகிற உரிமைதான் எப்போதும் வேறு யாரிடமோ இருக்கிறது; அதனால் கடைக்கு வருமுன் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.