கயிற்றின் கடைசியில் நின்றவர்

அமரவிளையில் ஓணத்து வடம்வலி, கயிறு இழுக்கும் போட்டி. பெண்கள் அணிக்குப் பிசியோதெரபிஸ்ட் நான்தான். கயிற்றின் கடைசி ஆளுக்கு அகன்ற தோள். அடிக்கடி உள்ளங்கையில் மண் தேய்த்துக்கொள்வார்.

பெருவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்துக் கையை லேசாக மடக்கினால் மணிக்கட்டில் நரம்புபோல ஒன்று புடைக்கும். அவருக்குப் புடைக்கவில்லை. சிலருக்கு அந்தத் தசை பிறவியிலேயே கிடையாது, அதனால் பலம் குறையாது என்றேன்.

அணித் தலைவி நம்பவில்லை. "மக்கா, நீ கடைசில நிக்காண்டாம். கை போயிரும்."

"இல்லாதத வச்சா இத்தன நாளும் இழுத்தேன்? இருக்கத வச்சாக்கும்," என்று கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு கடைசியிலேயே நின்றார்.

ஜெயித்தார்கள். மணிக்கட்டு சுளுக்கி என்னிடம் வந்தது தலைவிதான். ஐஸ் வைக்கும்போது கடைசியில் நின்றவர் எட்டிப் பார்த்தார்.

"சாரே, இந்தக் கையில அந்தத் தச உண்டுல்லா?"

"உண்டு."

அடுத்த ஆட்டத்துக்கு மண் தேய்க்கப் போனார்.