தேவானையின் பொட்டலத்தில் இரண்டு வகை இலை

நான் கப்பலில் போயிருந்த கரும்புத் தீவில், ஒருநாள் காலை ஏழு மணிக்கு வக்குவா என்ற ஊரில் பேருந்து ஏறினோம். நாங்கள் போகவேண்டிய ரிவியேர் தே ஸாங்கீய் என்ற ஊர் அங்கிருந்து சுமார் பதினைந்து மைல். என்னைத் தம் வீட்டில் தங்கவைத்திருந்த அரசாங்க எழுத்தர் வீராசாமி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மடியில், அந்த ஊர்ச் சந்தையில் வாங்கிய மூலிகைப் பொட்டலம். அதிலிருந்த இலையைக் காய்ச்சிக் குடித்த அவர் தங்கை வாந்தியெடுத்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

"நீங்க காலேஜ்ல தாவரப் பாடம் நடத்துறவர். விஷம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சார், நேரா போலீஸ்தான்," என்றார்.

பொட்டலத்தை நான் முன்பே பிரித்துப் பார்த்திருந்தேன். குட்டையான இலைகள், நடுவே நீண்டு ஒடுங்கிய சில. நீண்டவை மஞ்சள் அரளி என்றே பட்டது. திருநெல்வேலிக்காரனுக்கு அது தெரியாதா? ஆனாலும் காய்ந்த இலையை வைத்துச் சத்தியம் செய்ய மனம் வரவில்லை.

எட்டரைக்குச் சந்தையில், அந்த மூலிகையை விற்ற தேவானையைக் கண்டோம். ஐம்பது வயதிருக்கும். "வாங்க" என்பதோடு அவள் தமிழ் முடிந்தது, மற்றதெல்லாம் தீவின் பேச்சுமொழியான கிரெயோல். வீராசாமி எனக்கு மொழிபெயர்த்தார். தன் இலை காட்டில் தாழ வளரும் மஞ்சள் பூச்செடியுடையது, வந்தால் காட்டுகிறேன் என்று உடனே கூடையை மூடினாள். அந்த அவசரமே எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது.

கரும்புத் தோட்டம் தாண்டி ஒரு மணி நேர ஏற்றம். வேறெதையாவது காட்டி ஏமாற்றிவிடுவாளோ என்று அவள் கைகளையே பார்த்துக்கொண்டு நடந்தேன்.

மரங்களடியில் முழங்கால் உயரப் புதர், பொடிப் பொடியாய் மஞ்சள் பூ. இலையைக் கிள்ளினேன். அரளியானால் பால் வடியும், இதில் வடியவில்லை. விரலில் பிசுபிசுவென்று ஒட்டி மணத்தது. பொட்டலத்தின் குட்டை இலையைக் கசக்கினேன். அதே மணம். நீண்ட இலையில் மணமே இல்லை. அந்த இலையுள்ள செடியைச் சுற்றுவட்டாரமெங்கும் தேடினேன், கிடைக்கவில்லை.

"நீளமானது நான் கொடுத்ததில்லை," என்றாள் தேவானை. "போன வாரம் உன் தங்கை இன்னும் வேண்டுமென்று கேட்டாள். இலை தீர்ந்துபோயிற்று, சனிக்கிழமை வா என்றேன். மஞ்சள் பூவின் இலைதானே என்றாள். ஆமாம் என்றேன்."

அதை எனக்குத் தமிழில் சொல்லி முடித்த வீராசாமி சட்டென்று நிமிர்ந்தார். முகம் வெளுத்தது. "தங்கச்சி வீட்டு வேலியோரம் மஞ்சள் பூ மரம் ஒண்ணு இருக்கு சார்."

உடனே இறங்கினோம். அரளி என்று டாக்டரிடம் சொல்ல ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய அவசரத்திலும் அவர் சந்தையில் நின்று, எல்லோர் காதிலும் விழும்படி கிரெயோலில் ஏதோ சொல்லி, கடைசியில் தேவானையிடம் தமிழில், "தப்பு எங்களுது, அம்மா," என்று கைகூப்பினார். எங்கள் ஊர்ச் சந்தையில் ஒருவர் இப்படி ஒத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. நானும் கைகூப்பியிருக்க வேண்டும். பேருந்தைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

தங்கை பிழைத்துக்கொண்டாள். ஊர் திரும்ப நான் கப்பலேறியபோது காட்டுச் செடியின் கிளையொன்று என் புத்தகத்துக்குள் இருந்தது. அதன் பெயர் எனக்குத் தெரியாது. தேவானைக்குத் தெரிந்திருக்கும். அவளிடம் கேட்க எனக்கு முகமில்லை.