பள்ளித் தோட்டத்துப் பலகையில் என் பெயர் எங்கே?

சுங்கை பாக்காப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஜார்ஜ்டவுனுக்கு வந்து சொந்தமாக வெல்டிங் பட்டறை போட்டேன். இவனால் என்ன முடியும் என்று சிரித்தவர்கள் வீட்டுக்கே இரும்புக் கேட் செய்து மாட்டினேன். லாரி வாங்கினேன். மாடி வீடு கட்டினேன். பிள்ளைகளைப் பட்டதாரிகளாக்கினேன். இவை எல்லாவற்றையும்விடப் பெரிது, எங்கள் வட்டாரத் தமிழ்ப்பள்ளியின் பின்புறம் நான் உண்டாக்கிய காய்கறித் தோட்டம். அதைத்தான் இப்போது ஊரே செய்தது என்கிறார்கள்.

அந்த இடம் எப்படிக் கிடந்தது தெரியுமா? உடைந்த மேசைகள், கட்டடக் கழிவு, மழை பெய்தால் கணுக்கால் தண்ணீர். சிமெண்ட் பூசிக் கார் நிறுத்தலாம் என்று பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் பேச்சு அடிபட்டது. வேண்டாம் என்று நின்றவன் நான். குப்பையை என் லாரியில் ஏற்றி அகற்றினேன். தண்ணீர் வெளியே லோங்காங் சாக்கடைக்கு ஓட வாய்க்கால் வெட்டினேன். தேங்கும் மண்ணில் விதை அழுகிவிடும் என்று, நீலத் தோம்புகளை, அந்தப் பெரிய பிளாஸ்டிக் பீப்பாய்களை, நெடுக்காகப் பிளந்து, மண் நிரப்பி, இரும்புத் தாங்கிகளில் உட்கார வைத்தேன். ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைக்கு ஓர் உயரம், ஆறாம் ஆண்டுக்கு ஓர் உயரம். குனியாமல், எக்காமல் மண்ணைத் தொடலாம். இன்று அறிவியல் ஆசிரியை வகுப்பையே அங்கேதான் நடத்துகிறார். பயற்றங்கொடி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பிள்ளைகள் அடிக்கோலால் அளக்கிறார்கள். வெண்டைப் பூவைப் பிரித்துப் பார்க்கிறார்கள். கரும்பலகையில் வரைந்த பூவுக்குள் எறும்பு இருக்குமா?

எல்லாம் முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கத்தார் கோத்தோங் ரோயோங் வைத்தார்கள். ஊர் கூடி வேலை செய்வது நல்ல வழக்கம்தான், குறை சொல்லமாட்டேன். ஆனால் வந்தவர்கள் ஒரே நிற டி-சட்டையில் தோம்புக்குச் சாயம் அடித்து, நாசி லெமாக் சாப்பிட்டு, படம் பிடித்துக்கொண்டு போனார்கள். ஒருவர் குழாயை முழுதாகத் திறந்து பீச்சியதில் கீரை நாற்றெல்லாம் மண்ணோடு போயிற்று. மறுநாள் திரும்ப விதைத்தவன் யார்? நான்.

போன மாதம் திறப்பு விழா. திரையை விலக்கினால், பலகையின் உச்சியில் திறந்து வைத்த சட்டமன்ற உறுப்பினரின் பெயர். கீழே, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் கோத்தோங் ரோயோங்கில் உருவானது என்று ஒரு வரி. அதோடு சரி. சங்கத் தலைவரை ஓரமாக அழைத்துக் கேட்டேன்.

"கோத்தோங் ரோயோங்னா எல்லாரும் சேந்து செஞ்சதுலா, அண்ணே. ஒருத்தர் பேர மட்டும் போட்டா மத்தவங்க மனசு நோகும்."

"அப்ப ரிப்பன் வெட்டுனவரு பேரு எப்படி வந்துச்சு தம்பி? அவரு எந்தத் தோம்ப அறுத்தாரு?"

"உங்களுக்குத்தான் பொன்னாடை போட்டோம்லா."

போட்டார்கள். ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுத்தவருக்கும்தான் போட்டார்கள்.

பெயர் போட்டால்தான் கத்திரி காய்க்குமா என்று வீட்டில் என் மனைவி கேட்கிறாள். போடாவிட்டாலும் காய்க்கும். அதுதான் என் வயிற்றெரிச்சல். அது காய்த்துக்கொண்டே இருக்கும்வரை யாருக்கும் என் நினைப்பு வராது. சான்றிதழ் என்று ஒரு தாள்கூட வாங்காதவன் நான். ஒரு பள்ளிக்கூடத்தில் என் பெயர் இருக்க வேண்டுமென்றால், அது அங்கே மட்டும்தான் இருக்க முடியும்.

ஆகவே சங்கத்தாருக்கு எழுத்திலேயே சொல்கிறேன். அந்தப் பலகையைக் கழற்றுங்கள். வேறு பலகை வேண்டுமென்றால் நானே அடித்துத் தருகிறேன். சட்டமன்ற உறுப்பினர் பெயர் இருக்கட்டும், சங்கத்தின் பெயரும் இருக்கட்டும். அவற்றுக்கு மேலே, இந்தத் தோட்டத்தை அமைத்தவர் என்று என் பெயரை, என் அப்பா பெயரோடு, ஒன்றாம் ஆண்டுப் பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவில் போடுங்கள்.