கோ-கோ வரிசையில் ஒரு காலிக் கட்டம்

"வெளக்கு வெக்கிற நேரத்துல அந்த கிரவுண்டுல உன்னால தனியா நிக்க முடியுமாம்மா?"

இன்டர்வியூவில் என்னிடம் இப்படிக் கேட்டவர் எங்கள் கல்லூரியின் பொருளாளர். பெண் என்பதால் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். "நிப்பேன் சார்" என்றேன், கொஞ்சம் வெடுக்கென்று. செங்கம் பக்கத்துக் கிராமத்திலிருந்து, எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போய், உடற்கல்வியில் பட்டமும் வாங்கி வந்தவள் நான். அதை அடக்கமாகச் சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது. இருட்டுக்கா பயப்படுவேன்?

அவர் கேட்டது வேறு ஏதோ என்று போன வாரம்தான் தோன்றியது.

எங்களுடையது சின்னக் கிறிஸ்தவக் கல்லூரி. கிரிவலப் பாதையை ஒட்டி ஒரு சேப்பல், ஒரு கட்டடம், ஒரு கிரவுண்ட். கிரவுண்டுக்கு நேர் எதிரே மலை. விளையாட்டுக்கென்று பணம் ஒதுக்குகிற வசதியெல்லாம் நிர்வாகத்துக்கு இல்லை. ஆனால் பௌர்ணமி இருக்கிறதே... கிரிவலம் வருகிற பஸ்களும் வேன்களும் எங்கள் கிரவுண்டில்தான் நிற்கும். அந்த பார்க்கிங் கட்டணம்தான் எங்கள் விளையாட்டு நிதி. பந்து, ஜெர்சி, போட்டிக்குப் போகிற பஸ் சார்ஜ், சாப்பாட்டு பேட்டா — எல்லாம் அதிலிருந்துதான். இயேசு பெயரில் கல்லூரி, அண்ணாமலையார் புண்ணியத்தில் கோ-கோ டீம். இதுவரை இரண்டு பேருமே ஆட்சேபிக்கவில்லை.

ஆட்சேபம் வந்தது பொருளாளரிடமிருந்து. வருஷத்துக்கு வருஷம் கூட்டம் ஏறுகிறது. பஸ்ஸும் ஏறுகிறது.

"ஜல்லி கொட்டி கிரவுண்டையே பஸ் ஸ்டாண்டா ஆக்கிட்டா வருமானம் இன்னும் ஜாஸ்திம்மா. கர்த்தர் காட்டற வழியை நாம ஏன் அடைக்கணும்?"

"அப்ப விளையாட்டு, சார்?"

"டீம் இருக்கிற வரைக்கும் கிரவுண்டு இருக்கட்டும். இந்த வருஷம் போட்டிக்கு டீம் போகலன்னா, கமிட்டியில நானே எழுந்து சொல்லிடுவேன்."

விளையாட்டுக்கென்று பார்க்கிங் நடக்கிற இடத்தில், விளையாட்டை எடுத்துவிட்டால் லாபம் ஜாஸ்தி என்று ஒருவர் கணக்குப் போடுகிறார். கணக்கு சரியாகத்தானே இருக்கிறது?

ஆனால் அந்தக் கணக்கில் காஞ்சனா இல்லை. அடி அண்ணாமலை கிராமத்துப் பெண், எங்கள் கேப்டன். டீமில் இருப்பதால் அவளுக்குப் பாதி ஃபீஸ். டீம் கலைந்தால் மறுநாளே அவள் படிப்பு நின்றுவிடும். அவள் அம்மா என்னிடம் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்: "ஃபீஸு கம்மின்றதாலதான் மேடம் அனுப்பறோம். இல்லன்னா பூ கட்டவாவது ஆவும்."

இந்த நேரம் பார்த்து டீமில் இருக்கும் மலருக்கு மஞ்சள் காமாலை.

கோ-கோ தெரியாதவர்களுக்காக: எட்டுப் பேர் ஒரே வரிசையில், ஆளுக்கொரு கட்டத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்தி விரட்டுவாள். அவள் பின்னால் வந்து முதுகைத் தொட்டு "கோ" என்றால், உட்கார்ந்திருப்பவள் எழுந்து ஓட வேண்டும். தொட்டவள் அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்வாள். வரிசையின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு கம்பம்; பௌர்ணமிக்கு பஸ் நிற்க அவற்றைப் பிடுங்கிவிட்டு, பிறகு திரும்ப நடுவோம். எங்களிடம் உபரி ஆள் கிடையாது. உபரி ஆளுக்கு பஸ் சார்ஜ் கிடையாதே. அதனால் யாராவது வராவிட்டால் அவள் கட்டத்தைக் காலியாகவே விட்டு ஆடுவோம். தள்ளி உட்கார்ந்தால் போட்டியன்று தூரக் கணக்கு தப்பிவிடும்.

மார்கழிப் பனி. சேப்பலில் சாயங்கால மணி அடித்து ஓய்ந்திருந்தது. மலையின் பாதிக்கு மேல் காணோம். காஞ்சனா விரட்டிக்கொண்டு வந்தாள். பழக்கத்தில், மலரின் காலிக் கட்டத்தில் குனிந்து கையை வீசி "கோ" என்றாள். பெண்கள் சிரித்தார்கள்.

காஞ்சனா சிரிக்கவில்லை. கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மேடம்... முதுகு இருந்துச்சு."

"என்னடி உளர்ற?"

"ஜில்லுனு இருந்துச்சு மேடம்."

அடுத்த நாள் பாதிப் பேர் வரவில்லை. அதற்கடுத்த நாள் வந்தவர்கள் கிரவுண்டுக்குள் கால் வைக்கவில்லை. மலருக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று ஒருத்தி அழ, அவள் ஊர் எஸ்.டி.டி. பூத்துக்கு போன் போட்டு மலரையே கூப்பிட்டுப் பேச வைத்தேன். கீழாநெல்லி கசக்கிறது என்று புலம்பினாள். நன்றாகத்தான் இருந்தாள். அப்படியானால் அது யார் என்ற கேள்வி இன்னும் பெரிதாகிவிட்டது.

பொருளாளர் காதுக்கு விஷயம் போயிற்று. அவர் ஆச்சரியப்படவே இல்லை.

"நான்தான் அன்னிக்கே கேட்டனேம்மா" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. அன்று சாயங்காலமே எல்லாப் பெண்களையும் கூட்டிக்கொண்டு போனேன். ஓரத்து வேப்பமரத்தோடு நின்றுவிட்டார்கள்.

"ஒரு பேயும் இல்ல. நான் மலர் எடத்துல உக்காரறேன். யாராச்சும் ஒருத்தி வந்து கோ குடுங்க. அவ்ளோதான்."

மலையைப் பார்த்து, அவர்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். யாரும் வரவில்லை. பாதையில் போன ஆட்டோ சத்தம்கூட அடங்கிவிட்டது. உட்கார்ந்திருக்கிறவளுக்குத் தன் முதுகுப் பக்கம் நடப்பது எதுவும் தெரியாது — அந்த ஆட்டத்தில் எனக்குப் பிடித்ததே அதுதான். அன்றைக்குப் பிடிக்கவில்லை.

பிறகு ஓடிவருகிற சத்தம் கேட்டது. வெறும் கால். அப்பாடா, காஞ்சனா வந்துவிட்டாள் என்று நினைத்தேன். மூச்சு வாங்குவது காதுக்குப் பக்கத்தில் கேட்டது. இரண்டு தோள்களுக்கு நடுவே ஒரு உள்ளங்கை பதிந்தது.

"கோ."

எழுந்து ஓடிவிட்டேன். யோசித்தா ஓடுவோம்? கம்பத்தைத் தொட்டுத் திரும்பினேன்.

எல்லோரும் வேப்பமரத்தடியில் நின்றிருந்தார்கள். காஞ்சனா கையில் செருப்போடு, நான் விட்டுப்போன அதே இடத்தில். கிரவுண்டில் யாருமே இல்லை.

"இன்னா மேடம், நீங்களா எழுந்து ஓடறீங்க?" என்று ஒருத்தி கத்தினாள்.

கம்பத்தை விடாமல் பிடித்துக்கொண்டு கத்தினேன். "பின்ன? நீங்க வரலன்னா நான் தனியா ஆட வேண்டியதுதான்."

காஞ்சனா என் முகத்தையே பார்த்தாள். செருப்பைக் கீழே போட்டுவிட்டு நடந்து வந்தாள். பக்கத்தில் வந்ததும், மற்றவர்களுக்குக் கேட்காமல், "சின்னக் கையா மேடம்?" என்றாள்.

பொய் சொல்ல வரவில்லை. "ஆமா."

"அந்த முதுகும் சின்னதாத்தான் இருந்துச்சு." கட்டத்தைப் பார்த்தாள். "ஆடத்தான் வருது போல."

அவள் போய் மலரின் கட்டத்துக்கு அடுத்த கட்டத்தில் உட்கார்ந்தாள். கேப்டன் உட்கார்ந்த பிறகு மற்றவர்கள் எத்தனை நேரம் மரத்தடியில் நிற்பார்கள்? ஒவ்வொருத்தியாக வந்தார்கள். அன்றைக்கு இருட்டும்வரை ஆடினோம். மலரின் இடத்தில் நான் ஆடவில்லை. அதைக் காலியாகவே விட்டோம். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

எனக்கு இன்னும் பயம்தான். படித்தவள் இப்படி எழுதலாமா என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். என் முதுகில் பட்டதை இல்லை என்று எழுத நான் படிக்கவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். கல்லூரி விளையாட்டு என்றாலே யார் பணம் கொடுப்பது என்றுதான் எல்லாக் கூட்டமும் தொடங்குகிறது. யாருக்கு ஆட ஆசை என்று யாரும் கேட்பதில்லை. ஜெர்சி கேட்காமல், பேட்டா கேட்காமல், யாரோ ஒருத்தி வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

மலர் இப்போது எழுந்து நடமாடுகிறாள். டாக்டர் சரி என்றுவிட்டார், போட்டிக்கு வருவாள். எண்ட்ரி அனுப்பியாயிற்று. ஆனாலும் பொருளாளர் விடவில்லை.

"வர்ற பௌர்ணமிக்கு வழக்கம்போல கம்பத்தைப் பிடுங்கிடும்மா. இந்தத் தடவ திரும்ப நட வேணாம். கமிட்டி முடிவு பண்ணட்டும்."

பத்திரிகையில் வரும் இந்தப் பத்தியை அவரும் படிப்பார் என்று தெரியும். ஐயா, என் தம்பி கொத்தனார். நேற்றுக் காலையில் வந்து இரண்டு கம்பத்துக்கும் கான்கிரீட் போட்டுக் கொடுத்தான். நான்தான் வேளா வேளைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறேன்.