நண்பகலில் ஊதிய சங்கு

ஆலத்தூர் நாட்டு ஓடைக்கரையில் இருக்கும் சின்ன நீர்மின் நிலையத்தில் மாரப்பனுக்கு வேலை, ஓர் எண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பது. அந்த எண் ஐம்பது. மின்சாரம் நொடிக்கு ஐம்பது முறை துடிக்க வேண்டும். கரண்டை இழுப்பவர்களுக்குப் போதுமான அளவு வராவிட்டால் எண் இறங்கும். ரொம்ப இறங்கினால் ஏதாவதோர் ஊரில் கரண்ட் தானாக அறுந்துவிடும். இறங்கும்போது மாரப்பன் மதகைத் திறந்து தண்ணீர் விட்டு எந்திரத்தை ஓட்டுவார். ஊரைக் கேட்டால் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்பார்கள். ஊருக்கு வேறென்ன தெரியும்.

முன்பெல்லாம் தண்ணீர் வருவது சாயங்காலம், விளக்குப் போடும் நேரத்தில். முதலில் சங்கு ஊதும், பிறகு ஓடை நிறையும். பகலில் பெரும்பாலும் ஓடைப் பாறை காய்ந்து கிடக்கும். அதில் மிளகு காயப்போடுவது எங்கள் வழக்கம். பாறைச் சூட்டில் சீக்கிரம் கறுத்துவிடும். பிறகு சமவெளியெங்கும் சோலார் வந்து பகல் வேலையை வெயிலே எடுத்துக்கொண்டது. "இனிப் பகல்ல தண்ணியே வராது, தாராளமாப் போடு" என்று மனைவி பானுமதியிடம் சொன்னவர் சாட்சாத் மாரப்பனே. வெயிலுக்கு மேகம் என்றொரு பங்காளி இருப்பதை அவர் யோசிக்கவில்லை.

மாசி மாதம், ஒரு நண்பகல். மலையில் வெயில் கொளுத்தியது. பானுமதி ஏணி வைத்து ஏறிப் பறித்த அந்த வருஷத்து மிளகு முழுவதும் பாறையில் கிடந்தது. தெற்கே சமவெளியில் மேகம் மூடி, சோலார் படுத்துவிட்டது. எண் விழுந்தது. மேலிடத்திலிருந்து போன் வந்தது: "உடனே திறங்க."

மாரப்பன் சங்கை ஊதிவிட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்தார். கரையில் பலா நிழலில் உட்கார்ந்திருந்த பானுமதி அசையவில்லை. பகலில் சங்கு ஊதினால் அது பரிசோதனைதான் என்று பக்கத்திலிருந்த பாப்பாயியிடம் சொன்னாராம். மாரப்பன் போன் போட்டார், பானுமதியின் போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது. எண் இன்னும் இறங்கியது. பாறையில் ஆள் இல்லை, மிளகு மட்டும்தான் என்று உறுதி செய்துகொண்டார். விதிமுறையில் மிளகைப் பற்றி ஒன்றும் இல்லை. மதகைத் திறந்தார். மிளகு தண்ணீரோடு போனது. எண் ஏறி ஐம்பதில் நின்றது.

சாயங்காலம் வீட்டில் பானுமதி சோறு போட்டார்.

"எங்கயாச்சும் கரண்ட் போச்சுங்களா?"

"எங்கயும் போகலை."

"ஒரு நிமிசங்கூட?"

"ஒரு நிமிசங்கூட இல்ல."

"அப்ப இப்பிடி ஒண்ணு நடந்ததே யாருக்கும் தெரியாதுங்க."

"தெரியாது கண்ணு."

"எனக்குத் தெரியுமுங்க" என்று ரசத்தை ஊற்றினார். அதில் மிளகு இல்லை.