பீரங்கி காத்த தெரு

என் மனைவியின் தம்பி கடலூரில், கெடிலம் ஆற்றை ஒட்டிய ஒரு தெருவில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறான். நாங்களும் அதே தெருவில்தான் குடியிருக்கிறோம். தெரு நலச்சங்கத்துக்கு அவன்தான் தலைவர். வேறு யாரும் கேட்காத பதவி என்பதால் அதிலிருந்து அவனை இறக்கவும் முடிவதில்லை. நான் சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். அதற்காகத் தெருவில் ஒருவரும் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை, பீரங்கி கிடைக்கும்வரை.

மழைநீர்க் கால்வாயை ஆழப்படுத்த வந்த ஜேசிபி, கால்வாய் ஆற்றில் விழும் தெருக்கோடியில் தோண்டியபோது ஏதோ தட்டுப்பட்டது. மேலே வந்தது ஆள் நீளத்துக்கு ஒரு துருப்பிடித்த இரும்பு உருளை. பழைய போர்வெல் குழாய் என்றார்கள். நான் போய்ப் பார்த்து, பீரங்கி என்றேன். உடனே வேலை நின்றது. ஜேசிபி போனது, பாதி தோண்டிய கால்வாய் அப்படியே கிடந்தது. தொல்லியல் துறை அதிகாரிகளுக்குத் தகவல் சொன்னோம். வந்து பார்க்கிறோம் என்றார்கள். எப்போது என்று மட்டும் சொல்லவில்லை.

மச்சான் காத்திருக்கிற ஆள் இல்லை. கால்வாய் முனைக்குப் பக்கத்தில், யாருக்கும் சொந்தமில்லாத துண்டு இடத்தில் சிமெண்ட் மேடை கட்டி, பீரங்கிக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்து ஏற்றி வைத்தான். மறுநாள் காலையிலேயே பாய் வந்துவிட்டார். சவுதியில் உழைத்த காசில் தெருக்கோடியில் மாடி வீடு கட்டியவர்.

"தம்பி, இது எம் படுக்கையறை ஜன்னலயே பாத்துகினு நிக்குது. காலைல கண்ணத் தொறந்தா பீரங்கி வாயில முழிக்க வேண்டியிருக்கு."

"குண்டே கெடையாது பாய். சும்மா அழகுக்குத்தான்."

"அழகா இருந்தா உங்கூட்டப் பாத்து வச்சுக்க."

பக்கவாட்டில் திருப்பினால் கவுன்சிலர் வீடு. அதற்கு மச்சானுக்குத் துணிச்சல் இல்லை. ஆற்றைப் பார்த்துத் திருப்பலாம் என்று முடிவானது. அதற்கு மேடையை முன்பக்கம் நீட்ட வேண்டியிருந்தது. நீட்டினான். கால்வாயின் வாய் மேடைக்கு அடியில் போனது. அதை நானும் பார்த்தேன், பாயும் பார்த்தார். பீரங்கியின் வாய் எந்தப் பக்கம் என்பதிலேயே எல்லோருக்கும் கவனம்.

திறப்பு விழாவுக்கு என்னைப் பேசக் கூப்பிட்டான். "முற்றுகையிலிருந்து கடலூரைக் காத்த பீரங்கிகள்" என்று ஃபிளெக்ஸில் அவனே தலைப்பும் போட்டுவிட்டான். எனக்கு உள்ளூர சந்தோஷம். கல்லூரியில் என் வகுப்பைத் தூங்காமல் கேட்டவர்கள் குறைவு. இங்கே கூட்டம் முடிந்ததும் பிரியாணி என்பதால் யாரும் எழுந்து போக மாட்டார்கள்.

உள்ளதைச் சொன்னேன். 1783-இல் நடந்த முற்றுகை அது. ஊருக்குள் பிரெஞ்சுக்காரன், வெளியே இங்கிலீஷ்காரன். இரண்டு பக்கமும் பீரங்கி, இரண்டு பக்கமும் வெள்ளைக்காரன். அவர்களோடு சேர்ந்து இரண்டு பக்கமும் செத்தவர்கள் நம் நாட்டுச் சிப்பாய்கள். கடைசியில், ஐரோப்பாவில் எப்போதோ சமாதானம் பேச ஆரம்பித்துவிட்டார்கள் என்று சேதி வந்தது. சுடுவதை நிறுத்திவிட்டார்கள். செத்தவர்களுக்குத்தான் சேதி தாமதமாகிவிட்டது.

பாய் மட்டும் சத்தமாகச் சிரித்தார். மச்சான் என் காதருகே வந்தான்.

"மாமா, ஜனங்க கைதட்டுற மாதிரி எதுனா சொல்லுங்க. பீரங்கி நம்மளத்தான காப்பாத்திச்சு?"

"நம்மள யாரும் காப்பாத்தல மச்சான். நடுவுல மாட்டிகிட்டோம், அவ்ளோதான்."

மைக் என் கையிலிருந்து கவுன்சிலர் கைக்குப் போனது. வெள்ளையனை வங்கக்கடல் வரை விரட்டிய வீரப் பீரங்கி இது என்று அவர் முழங்கினார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. இத்தனை வருடம் நான் நடத்திய பாடமெல்லாம் பிரியாணி வாசனையில் கரைந்துபோனது.

அடுத்த மழைக்காலத்தில் புயல் வந்தது. ஆற்றில் வெள்ளம் வந்தது, ஆனால் கரைக்கு நன்றாகக் கீழேயே ஓடியது. ஆறு எங்களை ஒன்றும் செய்யவில்லை. தெருவில் பெய்த மழைதான் வெளியே போக வழியில்லாமல் திரும்பி, ஒவ்வொரு வீடாக நுழைந்தது. கடையில் அடுக்கி வைத்திருந்த சிமெண்ட் மூட்டைகள் ஊறிக் கல்லாகின. எங்கள் வீட்டில் கட்டில் கால்கள் முழுகின. என் மனைவி ஸ்டூல்மேல் நின்றபடியே தம்பிக்குப் போன் போட்டாள்.

"டேய், அந்த வெள்ளக்காரன்கூட நம்ம ஊட்டுக் கட்டில நனைக்கலடா! போயி அந்த மேடைய இடிடா!"

கடப்பாரையும் சம்மட்டியும் அவன் கடையிலிருந்தே வந்தன. மச்சான், பாய், நான் மூவரும் இடுப்பளவு தண்ணீரில் நின்று இடித்தோம். லேசில் உடையவில்லை. கடையிலேயே உசத்தியான சிமெண்டைப் போட்டுக் கட்டியிருந்தான்.

"வியாபாரத்துக்குக்கூட இப்டி கலவ போட்டதில்ல பாய்," என்றான் அழாத குறையாக.

"அதான் தம்பி ஒடைய மாட்டேங்குது," என்றார் பாய், சம்மட்டியை ஓங்கியபடி.

வெகுநேரம் கழித்து மேடை பிளந்தது. பீரங்கி சரிந்து பொத்தென்று சேற்றில் விழுந்தது. அடைபட்டிருந்த தண்ணீர் ஒரு உறுமலோடு ஆற்றுக்குள் பாய்ந்தது. எங்கள் கால்கள் இழுபட, மூவரும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றோம். மச்சான் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். சாயங்காலத்துக்குள் வீடுகளில் தண்ணீர் வடிந்து சேறு மட்டும் மிஞ்சியது.

மழை விட்டதும் அதிகாரிகள் வந்தார்கள், கிரேனோடு. பழம்பொருளை அனுமதியில்லாமல் மேடையில் ஏற்றியது எவ்வளவு பெரிய குற்றம் தெரியுமா என்று மச்சானை நடுத்தெருவில் நிற்க வைத்துத் திட்டினார்கள். அவன் தலையைத் தலையை ஆட்டினான். பீரங்கியைக் கழுவி, சணல் சாக்கு சுற்றி, கைக்குழந்தையைப் போலப் பக்குவமாக லாரியில் ஏற்றினார்கள்.

"சார், அந்தக் கால்வா பாதியில நிக்குதே," என்றார் பாய்.

"அது வேற டிபார்ட்மெண்ட்," என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார் அதிகாரி.