அழிச்சு மாற்றிய நம்பர்

போன வருடம், மழை சற்று ஓய்ந்திருந்த ஒரு மாதத்தில் இது நடந்தது. திருவனந்தபுரத்தில் கழக்கூட்டத்தை ஒட்டி, ஒரு வீட்டின் கீழ்ப்பகுதியில் நானும் அப்பாவும் வாடகைக்கு இருந்தோம். மாடியில் வீட்டுக்காரம்மா. அம்மா அக்காவின் பிரசவத்துக்காகத் தென்காசிப் பக்கம் போயிருந்தார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்து, காலேஜும் முடித்து, கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகிற முதல் ஆள் நான்தான். அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது. அளவு டேப்பில் இருக்கிற எண்கள் தெரியும். முப்பது வருடம் கிரில் பட்டறையில் வெல்டிங்கும் கிரைண்டிங்குமாகவே இருந்தவர். இனி வெல்டிங் வெளிச்சம் கண்ணில் படக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் என்னோடு வந்துவிட்டார். வந்த இடத்தில் அவருக்கு ஒன்றும் ஓடவில்லை. நான் ஆபீஸ் முடிந்து வரும்போது, காலையில் எந்த நாற்காலியில் விட்டுப் போனேனோ அதே நாற்காலியில் இருப்பார். கடைக்குப் போய்ப் பால் பாக்கெட் வாங்கக்கூடக் கூச்சம். மலையாளத்தில் ஏதாவது கேட்டுவிடுவார்களோ என்று பயம்.

அப்போதுதான் கார் ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த மொபெட்டைப் பார்த்தார். பெடல் வைத்த பழைய வண்டி. வீட்டுக்காரம்மா அரசு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கியதாம். இருபது வருடமாக ஓடவில்லை. அப்பா அதைச் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்துவிட்டு அவரே கீழே இறங்கி வந்து, "சரியாக்க முடியுமெங்கில் சரியாக்கி நீங்களே ஓட்டிக்கோ. இரும்புக்கடைக்குக் கொடுக்க எனக்கு மனசு வரலை" என்று ஆர்.சி. புத்தகத்தை எடுத்து என் கையில் தந்தார். முதலில் அவர் பேரிலேயே பதிவைப் புதுப்பித்துவிட்டு, பிறகு என் பேருக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று.

அன்றிலிருந்து அப்பா வேறு ஆள். பெட்ரோல் டேங்கில் நட்டும் ஜல்லியும் போட்டுக் குலுக்கித் துருவை எடுத்தார். கார்புரேட்டரைப் பிரித்து ஊசிக் கம்பியால் அடைப்பு நீக்கினார். கிடைக்காத சாமான்களுக்கு நகரத்தில் ஒரு பழைய ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரரைக் கண்டுபிடித்தேன். அவருக்கு மெசேஜ் அடிக்கப் பொறுமை கிடையாது, எல்லாம் வாய்ஸ் மெசேஜ்தான். நானும் ஆபீஸில் பொறுக்கிய மலையாளத்தில் வாய்ஸாகவே கேட்பேன். ஒன்றரை வருடத்தில் மலையாளம் எனக்குக் கைவந்துவிட்டதாக ஒரு பெருமை. நான் பேசுவதை அப்பா பக்கத்தில் நின்று வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதில் இன்னும் கொஞ்சம் பெருமை.

என்ஜின் ஓடத் தொடங்கிய பிறகு பெயிண்ட் வேலை பாக்கி. ஹேண்டில்பாருக்குக் கீழே, சட்டத்தின் கழுத்துப் பகுதியில் துருவுக்கு அடியிலிருந்து ஒரு வரிசை எண் வெளிப்பட்டது. இரும்பிலேயே அடித்த எண். இதன் மேல் பெயிண்ட் அடிக்கலாமா என்று அப்பா கேட்டார். நான் கடைக்காரருக்கு வாய்ஸ் அனுப்பினேன்: வண்டியில் நம்பர் உண்டு, அதின்மேலே பெயிண்ட் அடிக்காமோ?

உடனே பதில் வந்தது. "அதொக்கெ அழிச்சு மாற்றீட்டு அடிச்சா மதி. உணங்ஙியிட்டுப் புதியது வைக்காம்."

எனக்குச் சந்தேகமே வரவில்லை. பழைய நம்பரை அழித்துவிட்டுப் பெயிண்ட் அடித்தால் போதும், காய்ந்த பிறகு புதியது வைக்கலாம். பதினைந்து வருடம் தாண்டிய வண்டியைப் புதுப்பிக்கும்போது புது நம்பர் அடித்துக் கொடுப்பார்கள் போலிருக்கிறது என்று நானே ஒரு காரணமும் கண்டுபிடித்துக்கொண்டேன்.

அப்பாதான் தயங்கினார். "நம்பரையாலே? இரும்புல அடிச்ச நம்பரை எதுக்கு அழிக்கச் சொல்லுதாரு? நல்லாக் கேட்டுக்கிட்டியா?"

நான் ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "உங்களுக்கு மலையாளம் தெரியுமாப்பா? நான் கேட்டுட்டுத்தானே சொல்றேன்" என்றேன். அவர் கிரைண்டரை எடுக்கப் போனார்.

சாயங்காலம் வந்தபோது அந்த இடம் வழவழவென்று இருந்தது. கிரைண்டரில் தேய்த்து, பட்டி பார்த்து, பிரைமர் அடித்திருந்தார். "தடவிப் பாரு. எங்க இருந்துச்சுன்னு சொல்லு பார்ப்போம்" என்றார். நான் தடவிப் பார்த்தேன். கொஞ்சங்கூடத் தெரியவில்லை. சூப்பர்ப்பா என்றேன்.

இரண்டு வாரம் கழித்து வண்டியை ஆர்.டி.ஓ. சோதனைக்குக் கொண்டு போனோம். மோட்டார் வாகன இன்ஸ்பெக்டர் ஒரு பெண். முப்பது வயதுதான் இருக்கும். வரிசையாக வண்டிகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு வண்டியிலும் ஏதோ ஓரிடத்தில் சின்னக் காகிதத்தை வைத்து, அதன் மேல் பென்சிலால் தேய்த்து எடுத்து, ஃபைலில் இணைத்தார். எதற்கென்று அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. எங்கள் மொபெட்டைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. நல்ல வேலை என்று அப்பாவைப் பார்த்துத் தலையாட்டினார். அப்பா சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

பிறகு அவர் குனிந்து காகிதத்தை வண்டியின் கழுத்தில் வைத்தார். தேய்த்தார். காகிதம் வெறும் கறுப்பாக வந்தது. இன்னொரு காகிதம் வைத்துத் தேய்த்தார். பிறகு விரலால் தடவினார். நிமிர்ந்தபோது சிரிப்பு போயிருந்தது.

"ஆரா இது மாய்ச்சது?"

யார் இதை அழித்தது என்று கேட்கிறார். மாய்ச்சது. அவர் அழிச்சது என்று சொல்லவில்லை. அழிக்கிறதற்கு இவர்கள் வேறு வார்த்தை சொல்கிறார்கள். அப்படியென்றால் கடைக்காரர் சொன்ன 'அழிச்சு' என்ன?

வண்டியை வரிசையிலிருந்து வெளியே தள்ளி நிறுத்தச் சொன்னார். சாவியை வாங்கிக்கொண்டார். சேசிஸ் நம்பர்தான் வண்டியின் அடையாளம், அதைத் தேய்த்து எடுப்பது திருட்டு வண்டி விற்கிறவர்கள் செய்கிற வேலை, போலீசுக்கு எழுதாமல் விட முடியாது என்று நிதானமாகச் சொன்னார். சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது. பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஃபைல்களோடு நின்ற ஒரு ஏஜென்ட், "அண்ணாச்சி, எவிடுந்நு பொக்கியதா?" என்றார். எங்கிருந்து தூக்கியது என்கிறார். இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவர் போனை எடுத்து எங்களைப் படம் பிடித்தார்.

அப்பாவுக்குப் 'போலீஸ்' மட்டும் புரிந்தது. என்னைப் பார்த்தார். என்னலே சொல்லுதாங்க என்று கேட்கவில்லை. என் முகத்திலேயே படித்துவிட்டார் போலிருக்கிறது. ஓரடி முன்னால் போய் நின்றார்.

"நாந்தாம்மா அழிச்சேன். எனக்கு எழுத்துத் தெரியாது. துருன்னு நெனைச்சுத் தேச்சுட்டேன். பயலுக்கு ஒண்ணும் தெரியாது. அவன் அன்னைக்கு ஆபீஸ்ல இருந்தான்."

கடைசி வாக்கியம் உண்மைதான். அதனால்தான் அது அவ்வளவு வசதியாக இருந்தது.

இங்கே ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். அந்த மாதம் என் கம்பெனியில் ஒரு வெளிநாட்டு பிராஜெக்ட்டுக்கு என் பெயர் போயிருந்தது. போலீஸ் சான்றிதழ் கேட்டிருந்தார்கள். வழக்கு, கேஸ் என்று ஏதாவது வந்தால் அத்தோடு முடிந்தது. அப்பா பேசி முடித்த அந்த நேரத்தில் எனக்கு நினைவில் வந்தது அதுதான். எழுதப் படிக்கத் தெரியாத மனிதர், பாவம், தெரியாமல் செய்துவிட்டார், திட்டி அனுப்பிவிடுவார்கள் என்று நான் எனக்குள் கணக்குப் போட்டேன். வாயைத் திறக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் ஒரு தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார். அப்பாவின் பெயர் கேட்டார். சொன்னார். அவருடைய அப்பா பெயர் கேட்டார். சொன்னார். ஊர் கேட்டார். அதையும் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் நான் பேசியிருக்கலாம். பேசவில்லை. எழுதி முடித்துவிட்டுத் தாளைத் திருப்பி வைத்து, கையெழுத்துப் போடுகிற இடத்தில் விரலை வைத்துக் காட்டினார். அப்பா, மை இருக்காம்மா என்று கேட்டார். ஒருவர் ஸ்டாம்ப் பேடை நகர்த்தி வைத்தார். அப்பா வலது கைப் பெருவிரலைச் சட்டையில் நன்றாகத் துடைத்துக்கொண்டார். காகிதத்தில் அழுக்குப் படக் கூடாதாம். பெயிண்ட் இன்னும் நகக்கண்ணில் இருந்தது.

நான் போய் அந்தக் கையைப் பிடித்துவிட்டேன்.

"மேடம், நான்தான் சொன்னேன். அப்பா கேட்டாங்க, எதுக்கு அழிக்கணும்னு. நான்தான் அழிங்கன்னு சொன்னேன்."

பெருமைப்பட்ட மலையாளத்தில் ஒரு வார்த்தைகூட வரவில்லை. எல்லாம் தமிழில்தான் வந்தது. அவருக்குப் புரிந்தது. யார் சொல்லி நீ சொன்னாய் என்று கேட்டார். நான் போனை எடுத்தேன். அவசரத்தில் இரண்டு முறை வேறு மெசேஜ் ஓடியது. மூன்றாவது முறை என் குரலும், அதன் பின்னால் கடைக்காரர் குரலும் வந்தன. அதொக்கெ அழிச்சு மாற்றீட்டு அடிச்சா மதி.

இன்ஸ்பெக்டர் இன்னொரு முறை போடச் சொன்னார். கேட்டுவிட்டு, எழுதிய தாளை ஓரமாக நகர்த்தினார்.

"எடோ, அழிச்சு மாற்றுக எந்நு பறஞ்ஞால் கழற்றி வைக்கிறது. அவர் நம்பர் பிளேட்டை ஸ்குரூ கழற்றி எடுத்து வைக்கச் சொன்னார். நிங்ஙள் சேசிஸ் நம்பரை மாய்ச்சுக் களஞ்ஞு."

ஏஜென்ட் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. என்ஜின் நம்பரைப் பார்த்தார். நல்ல வேளையாக அதை அப்பா தொடவில்லை. புத்தகத்தோடு ஒத்துப்போனது. வீட்டுக்காரம்மாவுக்குப் போன் போட்டார். அவர் அலுவலகத்திலிருந்து ஆட்டோ பிடித்து வரும்வரை நாங்கள் வெயிலில் நின்றோம். வண்டியைத் தந்தவருக்கு என்ன பதில் சொல்வது, வீட்டைக் காலி செய்யச் சொல்வாரோ, போலீஸ் வந்துவிடுமோ என்று ஒவ்வொன்றாக மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டுக்காரம்மா வந்து எல்லாவற்றையும் கேட்டார். வண்டி தன்னுடையதுதான், தானே கொடுத்ததுதான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மேலே தானே இருந்தேன் நான். இத்தனை தமிழ் பேசறேன். ஒரு வார்த்தை என்னிடம் கேட்டிருக்கக் கூடாதோ? பதினாலு படி ஏற நினக்குக் கஷ்டமா?"

கஷ்டம் இல்லை. கேட்டிருந்தால் எனக்கு மலையாளம் தெரியாது என்று ஆகிவிடும்.

அப்பா பேரில் எழுதிய தாளை இன்ஸ்பெக்டர் கிழித்துப் போட்டுவிட்டு, என்னிடம் புதிதாக வாக்குமூலம் வாங்கினார். வண்டியை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். இது திருட்டு வண்டி இல்லை என்று போலீஸ் எழுதிக்கொடுத்தால் அதே நம்பரைத் திரும்ப அடிக்க அனுமதி கிடைக்கும் என்றார். மூன்று முறை ஸ்டேஷனுக்குப் போனேன். ஆபீஸில் நானே போய் விஷயத்தைச் சொன்னேன். பிராஜெக்ட் வேறொருவருக்குப் போனது. இதுதான் காரணமா என்று தெரியாது. அனுமதி வந்து நம்பர் அடித்து வண்டி கைக்கு வர நான்கு மாதம் ஆயிற்று. இப்போது அப்பா அதில்தான் கடைக்குப் போகிறார். பாலும் வாங்குகிறார், சில்லறை பற்றிச் சண்டையும் போடுகிறார்.

அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பஸ் கழக்கூட்டத்தை நெருங்கும்போது, என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"நீ எதுக்குலே நடுவுல வந்தே? எனக்கென்ன, வேலையா போயிரப் போவுது?"

அப்போதுதான் புரிந்தது. நான் எதற்காகச் சும்மா நின்றேன் என்பது அவருக்கு அங்கேயே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் அதைக் குற்றமாக நினைக்கவில்லை. பிள்ளை அப்படித்தான் செய்ய வேண்டும் என்றே எதிர்பார்த்திருக்கிறார். டிக்கெட்டை விரலில் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் எல்லாரும் அந்த ஒரு வார்த்தைக்காகச் சிரிக்கிறார்கள், நானும் சேர்ந்து சிரிக்கிறேன். ஆனால் பெயர், அப்பா பெயர், ஊர் என்று அவர் மூன்று பதில் சொல்லி முடிக்கும்வரை நான் பேசாமல் நின்றேனே, அதை நினைத்தால் படித்தவன் என்று என்னை யாராவது சொல்லும்போது இன்றைக்கும் தலை தானாகக் குனிந்துவிடுகிறது.